பத்து விநாடி மாமா

“எல்லாரும் அப்படியே இருங்கோ. யாரும் அசையப்படாது. இதோ வந்துட்டேன்!”

இந்தக் குரல் கேட்டதும் மொட்டை மாடியில் வரிசைகட்டி நிற்கும் பதினேழு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் காலைப் பார்ப்போம். ஸ்டாண்டில் மாட்டிய போனில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கிக்கொண்டிருக்கும். எழுபதைத் தொட்ட மாமா எட்டு முழ வேட்டியில் ஓடி வந்துகொண்டிருப்பார். “ஓடாதீங்கோன்னா!” என்பாள் மாமி. அதைச் சொல்வதற்காகத் திறந்த வாயோடுதான் பாதிப் படங்களில் அவள் இருக்கிறாள்.

பத்து விநாடி தாராளம் என்று கேமரா கம்பெனிக்காரன் நினைத்திருக்கிறான். அவன் மாமாவைப் பார்த்ததில்லை. முதல் இரண்டு விநாடி, பட்டனை அமுக்கினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் போய்விடும். மூன்றாவதில் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார். நான்கில் புறப்பாடு. ஆறில் வேட்டி நுனி செம்பருத்தித் தொட்டியில் மாட்டும். எட்டில், மாமிக்குப் பக்கத்தில் அவருக்காக விட்டு வைத்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். இன்னும் இரண்டு விநாடி பாக்கி. அப்படியே கேமரா பக்கம் திரும்பி நின்றால் தீர்ந்தது. மாமா திரும்ப மாட்டார். “எல்லாரும் சிரிக்கறேளா?” என்று எங்கள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சோதனை போடுவார்.

க்ளிக்.

எங்கள் குடும்பத்தின் முப்பது வருஷ குரூப் போட்டோக்களை வரிசையாக அடுக்கினால் மாமாவின் பின்மண்டை வழுக்கை எட்டணா அளவில் தொடங்கி, இட்லித் தட்டுக் குழியாகி, ஆப்பச் சட்டியாகப் பரந்த வரலாறு ஒரு வருஷம் விடாமல் கிடைக்கும். முகம் மட்டும் எதிலும் கிடைக்காது. என் தங்கையைக் கட்டிக்கொண்ட புது மாப்பிள்ளை ஆல்பத்தை மரியாதையாகப் புரட்டி முடித்துவிட்டு, “எல்லா போட்டோலயும் ஒருத்தர் கோச்சுண்டு எழுந்து போறாரே, அவர் யாரு?” என்று கேட்டார்.

இந்த மாமா மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவர், அடையாற்றில் அபார்ட்மெண்டுக்கு இருவர் என்ற கணக்கில் இருக்கிறார். ஆழ்வார்பேட்டைக்காரர் பேண்ட் போட்டவர். அரை விநாடி முன்னதாக வந்து சேருவார். வேறு வித்தியாசம் கிடையாது.

போன் வருவதற்கு முன்பே ஓட்டம் வந்துவிட்டது. பர்மா பஜாரில் வாங்கிய யாஷிகா ஒன்று இருந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் திருகிவிட்டால் சர்ர்ர் என்று வண்டு மாதிரிச் சத்தம் போட்டுவிட்டுப் படம் எடுக்கும். அப்போது ஸ்டாண்ட் ஏது? முக்காலி, அதன் மேல் அரிசி டின், அதற்கும் மேல் தீபாவளி மலர்கள். சரியான உயரத்துக்கு மூன்று விகடன் மலரும் ஒரு கல்கி மலரும் என்று மாமா கண்டுபிடித்து வைத்திருந்தார். கலர் ரோலில் 36 படம். சுற்றுவதில் சாமர்த்தியம் காட்டி 38 எடுத்துவிடுவார். அந்தக் கடைசி இரண்டு படங்களில் ஒன்றில் பாட்டி பாதிதான் இருப்பாள், மீதிப் பாட்டி லேபில் போயிருப்பாள். ஆனாலும் ஒரு விஷயத்துக்கு அந்த ரோலைக் கும்பிட வேண்டும். ஓட்டம் ஒன்றுக்கு ஒரு படம் செலவு என்பதால் மூன்று ஓட்டத்தோடு மாமா நிறுத்திக்கொள்வார். இப்போது ரோல் கிடையாது, செலவு கிடையாது, நிறுத்தமும் கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை பொறுக்க முடியாமல் ப்ளூடூத் ரிமோட் ஒன்று வாங்கி அனுப்பினான். கையில் வைத்துக்கொண்டு அமுக்கினால் போதும், ஓட வேண்டாம். மாமா அதை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சாதம் முடிவதற்குள் ஸ்டாண்டில் இருந்த போன் ஹால் சுவரை நாற்பத்தோரு தடவை படம் எடுத்துவிட்டது. “இதெல்லாம் நம்பகம் இல்லடா” என்று ரிமோட் பீரோவுக்குள் போயிற்று. ஓட்டம் தொடர்ந்தது.

“ஒரு போட்டோகிராபரைக் கூப்பிட்டா என்ன?” என்று யாராவது கேட்டுவிட்டால் மாமா சொல்லும் பதில் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் பாடம். “பட்டனை அமுக்கறதுக்கு இருபதாயிரமா?” ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-ல் முதல் கோடக் கேமராவை விற்றபோது 100 படத்துக்கான சுருளை உள்ளே அடைத்தே கொடுத்தார். எடுத்து முடித்ததும் பெட்டியோடு கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும்; கழுவி, அச்சுப் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பட்டனை அமுக்குகிறவனிடம் அதற்கு மேல் எதையும் நம்பி ஒப்படைக்கக் கூடாது என்று அந்த மனுஷருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மாமாவோ அமுக்குவதோடு நிற்பதில்லை. ரிச்சி தெருவில் ஸ்டாண்ட், அது ஆடியதால் இன்னொரு ஸ்டாண்ட், வட்ட விளக்கு, பாண்டி பஜாரில் பின்னணிக்கென்று ஆறு கஜம் நீலத் துணி. துணி இப்போது பூஜை அறைத் திரை. எல்லாவற்றையும் மாமி ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தாள். இருபத்து மூவாயிரத்துச் சொச்சம். தாளை மாமா பார்க்கவில்லை, அவர் அப்போது மாடியில் இருந்தார்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் பதினொன்றரைக்கு “லைட்டு பிரமாதமா இருக்கு” என்பார். உச்சி வெயில் நெற்றியில் விழுந்து கண் இரண்டும் குழிக்குள் போய், பதினேழு பேரும் மூன்று ராத்திரி தூங்காதவர்களாக வருவோம். பின்னால் கபாலி கோபுரம் தெரியவேண்டும் என்று பிடிவாதம். அந்த 120 அடிக் கோபுரம் ஒவ்வொரு வருஷமும் என் அப்பாவின் தலையிலிருந்துதான் கிளம்புகிறது. எல்லோரும் அடங்கவில்லை என்று பாயிண்ட் ஃபைவுக்குப் போனால் ஓரத்தில் நிற்கும் சித்தி இரண்டு சித்தியாக அகலம் கொடுப்பாள். அது அகலக் கோண லென்ஸின் குணம், ஓரத்தில் மாட்டியவரை இழுத்துவிடும். தொழில்காரன் பத்தடி பின்னால் போய் வேறு லென்ஸில் எடுப்பான். மாமாவால் பின்னால் போக முடியாது, திரும்பி ஓடி வர வேண்டிய தூரம் கூடிவிடும். ஒரு தடவை பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் விடியற்காலை நிறுத்தினார். நம் ஊரில் சூரியன் கடலில் எழும் என்பது குழந்தைக்கும் தெரியும். எங்கள் முதுகு கடலைப் பார்த்திருந்தது. பதினேழு கரிக்கட்டைகள் நிற்கின்றன, பதினெட்டாவது ஓடுகிறது.

யார் கண்ணை மூடினார்கள் என்று தேடுவது தனிப் படலம். ஆஸ்திரேலியாவில் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் என்று இரண்டு பேர் இதைக் கணக்காகவே போட்டு 2006-ல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்கு உட்பட்ட கூட்டமா, நல்ல வெளிச்சத்தில் தலைகளை மூன்றால் வகுத்துக்கொள், மங்கலில் இரண்டால் வகுத்துக்கொள். அத்தனை படம் எடுத்தால் எல்லோரும் கண் திறந்த ஒன்றாவது அநேகமாகக் கிடைக்கும். எங்களுக்கு ஆறு, மிஞ்சினால் ஒன்பது. போன நவராத்திரிக்கு மாமா 114 எடுத்தார். எல்லோரும் கண் திறந்த படம் ஒன்று இருந்தது. அதில் வேட்டி அவிழ்ந்து கொண்டிருந்தது.

இத்தனைக்கும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே குடும்பப் படம் ஸ்டூடியோக்காரர் எடுத்தது. 1960, மவுண்ட் ரோடு. 1910-லிருந்து பேர் வாங்கிய ஜி.கே. வேலா, இல்லை பக்கத்தில் வேறு ஏதாவதா என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்றுவரை தீராத வழக்கு. அட்டையில் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. திரையில் வரைந்த மாடிப்படி, தொட்டியில் பனைச்செடி, நடுவில் தாத்தா. ஏ.ஜி. ஆபீஸில் தாத்தா நடந்து வந்தால் மின்விசிறி நிற்கும் என்பார்கள். பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அந்தத் தாத்தாவின் தாடையை, யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, இரண்டு விரலால் பிடித்து, “கொஞ்சம் கீழே சார்” என்று இறக்கியிருக்கிறார். தாத்தா இறங்கியிருக்கிறார். பெரியம்மா இன்னும் இதைக் கண் விரியச் சொல்வாள்.

இருபதாயிரம் அந்த இரண்டு விரலுக்குத்தான் என்று மாமாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். வெளியாளுக்கு நம் சண்டைகள் தெரியாது. மூன்று வருஷமாகப் பேசாத இரண்டு ஓரகத்திகளைப் பார்த்து “அக்கா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க” என்பான். வேறு வழியில்லாமல் ஒட்டுவார்கள். மாமாவுக்கு எல்லாம் தெரியும். அதனால் பெரியவளை இந்தக் கோடி, சின்னவளை அந்தக் கோடி, நடுவில் சமாதானத்துக்கு ஒரு பாட்டி என்று ஐ.நா. சபை மாதிரி நிறுத்தி முடிக்க முக்கால் மணி ஆகும். (இப்போதைய போட்டோகிராபர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சஷ்டியப்த பூர்த்திக்கு வந்தவன் அறுபது வயசுப் பெண்மணியை “ஆன்ட்டி, வெட்கப்படுங்க” என்று விரட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.)

மாமா எடுத்ததில் நல்ல படமே இல்லையா? இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் மாமியை மட்டும் கூப்பிடுவார். “இங்க நில்லு. லைட்டு பாக்கணும்.” அடுப்பை அணைத்துவிட்டு, தலைப்பில் கையைத் துடைத்தபடி மாமி வந்து நிற்பாள். டெஸ்ட் என்பதால் டைமர் கிடையாது. மாமாவே போனைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், நிதானமாக எடுப்பார். மாமி போஸ் கொடுக்க மாட்டாள். “சாம்பார் அடிப்பிடிக்கும், சீக்கிரம்” என்று சொல்லிக்கொண்டே எதற்கோ சிரிப்பாள். மூக்குத்தியில் வெயில் ஒரு துளி நிற்கும். ஒருதரம் போனை வாங்கிப் பார்த்தேன். அப்படி ஐந்தாறு. அறுபது வருஷத்துக்கு முன்னால் மவுண்ட் ரோட்டுக்காரர் பார்த்திருந்தால் ஷோகேஸில் வைத்திருப்பார்.

“மாமா, இதை எனக்கு அனுப்புங்கோ.”

“அது டெஸ்ட்டுடா” என்றார். சாயங்காலம் கேட்டால், இடம் போதவில்லை என்று அழித்துவிட்டாராம். 114-ஐ வைத்துக்கொண்டு அந்த ஐந்தாறை. எத்தனை வருஷத்து டெஸ்ட் இப்படிப் போயிருக்கிறது என்று நான் கணக்குப் போடவில்லை. இதை வேடிக்கையாக எழுத வரவில்லை. கோபமாகத்தான் வருகிறது.

போன மாசம் மாமாவுக்கே எழுபது வயசு பீமரத சாந்தி. பிள்ளை அமெரிக்காவிலிருந்தே ஒரு போட்டோகிராபரைப் பேசி முன்பணமும் போட்டுவிட்டான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவன் எங்கே நின்று எடுத்தானோ அங்கே, அவன் தோளுக்கு மேலாக, மாலையும் கழுத்துமாக நின்று அதையே தன் போனில் எடுத்தார். கூட்டத்தில் பாதிப் பேர் அவனைப் பார்த்தோம், பாதிப் பேர் மாமாவைப் பார்த்தோம். ஆல்பம் முழுக்க ஒரு குடும்பமே மாறுகண்ணாக இருக்கிறது.

கடைசியில் மொட்டை மாடியில் பெரிய குரூப். போட்டோகிராபர் பையன் பத்தடி பின்னால் போய், “யாராவது ஒருத்தர் வந்து நில்லுங்க, லைட் பாக்கணும்” என்றான். யாரும் சொல்லாமலே மாமி போய் நின்றாள். இரண்டு எடுத்தான். அந்த இரண்டையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டுவிட்டேன்.

பிறகு எல்லோரும் நின்றோம். “அங்கிள், நீங்கதான் பாக்கி. உங்க ஃபங்ஷன் சார், போய் நில்லுங்க” என்றான் பையன். மாமா போனைப் பையில் போட்டார். கண்ணாடியை இறக்கினார். ஓட ஆரம்பித்தார். பஞ்சகச்சம் ஓடுவதற்கு வேட்டியைவிட எவ்வளவோ வசதி என்பதை அன்றுதான் கண்டோம். மாலை இடமும் வலமுமாக ஆட, செம்பருத்தித் தொட்டியை ஒரே தாண்டாகத் தாண்டினார்.

“ஓடாதீங்கோன்னா!”

“அங்கிள், டைமர் இல்ல அங்கிள்! மெதுவா!”

வந்து சேர்ந்துவிட்டார். மூச்சு வாங்க எங்கள் பக்கம் திரும்பி, “எல்லாரும் சிரிக்கறேளா?” என்றார்.