பாரஃபின் சீவலில் வாய்க்காற்றின் இடம்: கொங்கு மண்டலத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் தேவை குறித்து எவருக்கும் ஐயமில்லை. ஆகவே அது இங்கு விரிவாக நிறுவப்படுகிறது. உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் 1860களில் தமக்கென ஒரு சீவுகருவி செய்துகொண்ட நாள்தொட்டு, மைக்ரோடோம் எனும் அக்கருவி பற்றிக் கத்தியின் கோணம், மெழுகின் உருகுநிலை, திசு பதித்த மெழுகுக் கட்டியான பிளாக்கின் குளிர்ச்சி என்று எழுதாதது இல்லை. சீவுகிறவர் பிளாக்கின் மேல் ‘ஹா’ என்று விடும் காற்றுக்கு மட்டும் போனால் போகிறதென்று ஒரு வரி. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. பதவி உயர்வு நேர்காணல் நெருங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சீவல் என்பது, மெழுகில் பதித்த திசுவை நான்கைந்து மைக்ரான் கனத்தில் ரிப்பனாக எடுப்பது. ரிப்பனில் நெடுகக் கோடு விழுந்தால் பிளேடு பல் போயிருக்கும், அல்லது திசுவில் சுண்ணாம்பு ஏறியிருக்கும். குறுக்கே வரிவரியாக வந்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. சுருண்டால் பிளேடு மொக்கை. இவையெல்லாம் பயனுள்ள செய்திகள் என்பதால் ஆய்வெல்லைக்குள் வரா.

இனி வாய்க்காற்று. அது இருவகை என்பர் (முன்னவர், பக்கம் கிழிந்துள்ளது). மூவகை என்பர் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் (முன்னவரை மறுத்தவர், அதே பக்கம்). வகையே இல்லை, எல்லாம் ஒரே மூச்சு என்பது அண்மைக் கருத்து (மறுத்தவரின் மாணவர், இருவரையும் படிக்காமல் எழுதியது, திருத்திய இரண்டாம் பதிப்பு, பிழைதிருத்தப் பட்டியலின் பிழைதிருத்தம், மேலட்டையின் உட்புறம்).

மாசி, பங்குனியில் கோவைக் காற்று வறண்டுவிடும். அப்போது சீவல் மின்னூட்டம் ஏறி, ஸ்லைடு தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டும். ஒரு ‘ஹா’ போதும். அதன் ஈரத்தில் மின்னூட்டம் இறங்கி, ரிப்பன் சாதுவாக வந்து வாட்டர் பாத்தில் படுத்துக்கொள்ளும். இரண்டு ‘ஹா’ விட்டால் குளிர்ந்த பிளாக் சூடேறி விரியும். கருவியில் ஐந்து மைக்ரான் என்று வைத்திருந்தாலும் தடித்துத்தான் வரும். மூன்றாவது ‘ஹா’ கொட்டாவி எனப்படும். மதியம் அரிசிம்பருப்புச் சோறு உண்டவரின் மூச்சு தனி முனைவர் பட்டத்துக்குரியது.

ஆனியில் நிலைமை தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாய் ஊதத் தொடங்கிவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஐந்து மைக்ரான் மெழுகு எம்மாத்திரம்? 1912இல் கோவையில் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். வேர்நுனியை மெழுகில் பதித்துச் சீவுவது அக்காலக் குரோமோசோம் ஆய்வில் வழக்கமான முறை. அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஆடி மாதத்தில் அந்த அறையின் ஜன்னல் சாத்தியிருந்ததா என்று வரலாற்றாசிரியர் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதுவா ஆய்வு நேர்மை?

போகிற போக்கில் ஒன்று. நம் பல்கலைக்கழகங்களின் தலைசிறந்த சீவல்காரர்கள் ஆய்வகத்தில் இல்லை. ஒரே முடிவை ஐந்து கட்டுரைகளாகச் சீவும் பெருமக்கள் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் ரிப்பன் அறுவதே இல்லை. எத்தனை சீவினாலும் பிளாக்கும் தேய்வதில்லை.

களப்பணிக்கு வருவோம். எத்தனை சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, எத்தனை நொடி ஊதுவது தகும் என ஆய்வகத்து டெக்னீஷியன் அக்காவிடம் 40 வினாக்கள் கொண்ட படிவம் நீட்டப்பட்டது. கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தாமல் அவர் சொன்னார்: “தம்பி, மொதல்ல அந்த ஃபேன நிறுத்துங்க. பொறகு பேசறத நிறுத்துங்க. ஊதறத நான் பாத்துக்கறனுங்க.”

மேற்கோள் காட்டத்தக்க வெளியீடு எதுவும் அவர் பெயரில் இல்லாமையால் இக்கூற்று முடிவுகளில் சேர்க்கப்படவில்லை. இக்கட்டுரைக்கான சீவல்கள் அனைத்தையும் எடுத்தவரும் அவரே. நன்றியுரையில், துறைத்தலைவர், அவர் துணைவியார் ஆகியோரை அடுத்து வரும் ‘மற்றும் பலர்’ என்பதில் அவரும் அடக்கம்.