கம்பி எண்ணுகிறேன்!

பழைய காலத்து எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப் ஒன்றை வீட்டிலேயே கையால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சென்ற இதழில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களில் திட்டுகளைக் கழித்து, மீதியை இங்கே தருகிறேன்.

பிக்கப் என்றால் வண்டிக்குத்தானே இருக்கும்? (டூவீலர் மெக்கானிக், சூலூர்)

உங்கள் பிக்கப் ஆக்சிலேட்டரைத் திருகினால் வருவது. இது கிட்டார் தந்திக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருப்பது. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும். புலம் ஆடினால் காயிலில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-லேயே சொல்லிவிட்ட சங்கதி. நூறு வருஷம் கழித்து ஜார்ஜ் பீச்சம் என்ற அமெரிக்கர் அதைக் கிட்டாரில் பொருத்தினார். முதல் காயிலை வாஷிங் மெஷின் மோட்டாரைக் கொண்டு சுற்றினார் என்பார்கள். அந்தக் கிட்டாருக்கு உருவத்தால் வந்த பெயர் 'ஃப்ரையிங் பேன்'. ஆக, எலெக்ட்ரிக் கிட்டாரின் பூர்வீகம் துணி துவைக்கும் இடமும் அடுப்பங்கரையும்தான்.

எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? தலை சுற்றாதா? (வாசகி, மன்னார்குடி)

1950-களின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப் என்றால் சுமார் 8,000 சுற்று. நீட்டி அளந்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே. எண்ணுவதற்கு ஒரு மலிவான உபாயம் உண்டு. பழைய கால்குலேட்டரின் 'சமம்' பட்டனுக்கு இரண்டு ஒயர் இழுத்து ஒரு ரீட் சுவிட்சில் கொடுத்து, சுழலும் தண்டில் குட்டிக் காந்தம் ஒட்டிவிட்டால், சுற்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் கால்குலேட்டர் எண்ணிக்கையை விழுங்கிவிடும்.

என் முதல் முயற்சியில் 4,700-ஐத் தாண்டிய நேரம், "ஏன்ப்பா இருட்டில வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்று மகன் ஃபேனைப் போட்டான். காற்றில் கம்பி ஒரு துள்ளு துள்ளியது. அப்புறம் மேசை மேல் இருந்தது அரை கிலோமீட்டர் சேமியா.

42 கேஜ் கம்பி என்று கேட்டேன். கடைக்காரர் கொடுத்ததைச் சுற்றினால் பாதியிலேயே பாபின் நிரம்பிவிட்டது. யார் மேல் தப்பு? (கல்லூரி மாணவர், திருச்சி)

கடைக்காரர் மேல் இல்லை; அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல். கிட்டார்க்காரர்கள் சொல்லும் 42 அமெரிக்கக் கேஜ், 0.0635 மில்லிமீட்டர். நம் ஊர் வைண்டிங் கம்பிக் கடையில் பேசப்படுவது பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்பது சுமார் 0.1 மில்லிமீட்டர். உங்களுக்கு வேண்டியதற்கு மிக நெருக்கமானது 46. மோட்டார் கட்டுகிறவர்களிடம் கேட்டால் "இவ்ளோ மெல்லிசா எதுக்கு சார்?" என்பார்கள். சிரித்து வையுங்கள்.

மேல்பூச்சையும் பார்க்க வேண்டும். பழைய கிப்சன் கிட்டாரில் கருஞ்சிவப்புச் சாயல் கொண்ட சாதா எனாமல்; பழைய ஃபெண்டரில் ஃபார்ம்வார் என்ற தடித்த பூச்சு. பூச்சு தடித்தால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இடைவெளி கூடும், காயிலுக்குள் தேங்கும் மின்தேக்கம் குறையும், உச்ச ஒலிகள் கொஞ்சம் கூடுதலாகத் தப்பிப் பிழைக்கும். ஊறுகாயில் எண்ணெய் மாதிரி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கதையை மாற்றுவது அதுதான்.

பி.ஏ.எஃப். என்று கிட்டார்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அது என்ன சாமி? (பேங்க் ஆபீசர், நாகர்கோவில்)

மனு கொடுத்து ரசீது கையில் வைத்திருக்கும் சாமி. 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், ஒற்றைக் காயில் பிக்கப்பின் 'ங்ங்' என்ற மின் இரைச்சலை ஒழிக்க வழி கண்டார். இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றும் திசையையும் காந்த முனையையும் எதிரெதிராக அமைத்தார். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். காப்புரிமை கேட்டது 1955 ஜூனில், கிடைத்தது 1959 ஜூலையில். நடுவில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தைச் சின்ன ஸ்டிக்கரில் ஒட்டினார்கள். அதன் முதலெழுத்துகள்தான் பி.ஏ.எஃப். உரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதையே ஒட்டினார்கள். பிறகு மாற்றிய ஸ்டிக்கரில் போட்ட எண் இந்த பிக்கப்புக்கு உரியதே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு (தந்திகளைக் கட்டும் பாகம்) உரிய காப்புரிமை எண். நகலெடுப்பவர்களைத் திசைதிருப்பவா, குமாஸ்தா தூங்கினாரா என்று இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இரைச்சலை ஒழிக்க இரண்டு காயிலும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். கிப்சனின் கலமசூ தொழிற்சாலையில் காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று என்று கணக்கு. பாபின் நிரம்பிய மாதிரி தெரிந்தால் நிறுத்துவார்கள். அதனால் ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. காந்தமோ அல்னிகோ 2, 3, 4, 5 என்று கைக்கு வந்தது. கறுப்பு பாபின் தீர்ந்துபோனால் வெள்ளை. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்று அமைந்ததற்கு இன்று 'வரிக்குதிரை' என்று செல்லப்பெயர். விலையும் அதற்கேற்ற பாய்ச்சல். உலோக மூடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அன்று போட்டது! காயில்கள் சமமில்லாததால் கொஞ்சம் இரைச்சல் தப்பியது. கூடவே கொஞ்சம் தெளிவும் தப்பியது. அந்தத் தெளிவைத்தான் இன்று கும்பிடுகிறோம்.

ஆகவே 'அசல் பி.ஏ.எஃப். சத்தம்' என்று ஒன்று கிடையாது. இந்த அசலும் அந்த அசலும் சண்டை போடும். நகலெடுக்கிறவன் முதலில் எந்த அஜாக்கிரதையை நகலெடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு காந்தமும் ஏன் ஒரே உயரத்தில் இல்லை? (கிட்டார் மாணவி, தாம்பரம்)

1954-ல் மூன்றாவது தந்தி மேலே கம்பி சுற்றிய தந்தி, சத்தம் குறைவு. அதற்காக அதன் காந்தத்தைத் தூக்கி வைத்தார்கள். இன்று பெரும்பாலோர் போடுவது வெறுந்தந்தி. அந்த உயரத்தில் அது மட்டும் கத்தும். தெரிந்தும் எல்லோரும் தூக்கித்தான் வைக்கிறோம். பக்தி!

கையால் சுற்றினால் இசை நன்றாக இருக்கும் என்பது வியாபாரத் தந்திரமா? (சந்தேகப் பிராணி, ஈரோடு)

பாதி. ஃபெண்டரில் 1956-ல் சேர்ந்த அபிகெய்ல் இபாரா என்ற பெண்மணி, சுழலும் பாபினுக்குக் கம்பியை விரலால் வழிகாட்டியே காலம் தள்ளினார். அவர் சுற்றியதற்கு இன்று தனி மதிப்பு. விரலால் விடும்போது கம்பி தறி நூல் போல வரிசையாகப் படியாது. குறுக்கும் நெடுக்குமாக விழும். அதனால் மின்தேக்கம் சற்றே மாறும். ஆனால் கைக்கு இசைஞானம் இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரே இழுவிசை இருந்தால் போதும். தளர்த்திவிட்டால் காயில் தொளதொள. இறுக்கினால் கம்பி நீளும், மெலியும், கடைசியில் பெயருக்கேற்றபடி கம்பி நீட்டிவிடும்.

என் நண்பர் சுற்றியது மல்டிமீட்டரில் 7.9 கிலோ ஓம் காட்டுகிறது. பி.ஏ.எஃப். ஆகிவிட்டதா? (வாசகர், வேலூர்)

எந்த மாதத்தில் அளந்தார்? செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 7.5 காட்டும் காயில், உங்கள் ஊர் 35 டிகிரியில் 7.9 காட்டும். மின்தடை என்பது கம்பி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் எண். எடையை வைத்துப் பாட்டு வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பீர்களா?

மெழுகில் முக்கியே ஆக வேண்டுமா? (வாசகர், காரைக்குடி)

தளர்ந்த கம்பி தானே அதிர்ந்து மைக் போல வேலை செய்யும். ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் கீச்சென்று கத்தும். பாரஃபினும் கொஞ்சம் தேன்மெழுகும் கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 65 டிகிரியில் முக்கலாம். அடுப்புத் தீயில் நேராக வைக்காதீர்கள்; பற்றிக்கொள்ளும். பழைய பி.ஏ.எஃப்.பின் பியூட்டிரேட் பாபின் சூட்டில் கோணும். அவற்றை முக்கவும் இல்லை. அந்த லேசான கீச்சுக்குத்தான் சிலர் உயிரை விடுகிறார்கள்.

டீத்தண்ணியில் ஊறவைத்த ஸ்டிக்கரை ஒட்டி 'பழசு' என்று விற்கலாமா? (பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்)

விற்கலாம். நான் சுற்றை எண்ணுவேன், நீங்கள் உள்ளே கம்பி எண்ணுவீர்கள். அசலுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறவன் காது கூர்மையானது. அதில் போய்க் காது குத்தாதீர்கள். நகலின் அடியில் தேதியும் உங்கள் பெயரும் எழுதிவிடுங்கள்.

கடைசியில் உங்கள் பிக்கப் பாடியதா, இல்லையா? (டூவீலர் மெக்கானிக், சூலூர், மறுபடியும்)

மூன்றாவது பாடியது. 8,012 சுற்று. தனியாக வாசித்தால் மணிபோல இருக்கிறது. நடு பிக்கப்போடு சேர்த்தால் மட்டும் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி சன்னமாகிவிடுகிறது. காரணம், திசை மாற்றிச் சுற்றிவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். சால்டரிங் அயர்ன் பக்கத்து வீட்டில் இருக்கிறது, மகனை அனுப்பியிருக்கிறேன். போகும்போது ஃபேனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.