சென்டினல் தீவின் சாகாவரம் பெற்ற 117 பேர்

அந்தமானின் வட சென்டினல் தீவில் 1901-ல் 117 பேர் இருந்தார்கள். 1911-லும் 117. 1921-லும் அதே 117. நடுவில் ஓர் உலகப் போர் வந்து போயிற்று, ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து கோடிக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. சென்டினலில் மட்டும் ஒரு பிள்ளை பிறக்கவில்லை, ஒரு கிழவர் கண்ணை மூடவில்லை. அப்படியே பிறந்திருந்தாலும், சர்க்கார் கணக்கு பிசகக் கூடாதே என்று யாரோ ஒருவர் பொறுப்பாகச் செத்துப் போயிருக்க வேண்டும். 1931-ல் திடீரென்று 50 ஆனார்கள். காணாமல் போன 67 பேரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் இருந்ததையே யாரும் பார்க்கவில்லையே! 1961-லும் 50.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். தீவில் எல்லோரையும் எண்ணி முடித்தவர் ஒருவருமில்லை. சென்சஸ் படிவத்தில் கட்டமோ காலியாக இருக்கிறது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் மேலதிகாரிக்குக் கோபம் வரும். எனவே முந்தைய புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள் போலும். இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் பிற்காலத்தில் ‘டீஃபால்ட் வேல்யூ’ என்று கௌரவமான பெயர் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் இதையெல்லாம் பெட்டிக்குள் பெட்டியாக வைக்கும்: இந்தியா என்ற பெட்டிக்குள் அந்தமான் நிக்கோபார், அதற்குள் தெற்கு அந்தமான் மாவட்டம், அதற்குள் வட சென்டினல், அதற்குள் வீடு, வீட்டுக்குள் தலைவர், தலைவருக்கு ஒரு பெயர். தீவு வரைக்கும் சிக்கலில்லை. சுமார் 60 சதுர கிலோமீட்டர் காடு, வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே ‘நல்’. ஒன்றுமில்லை என்று பொருளல்ல, நமக்குத் தெரியாது என்று பொருள். அதைப் பாராமல் ‘வீட்டின் தலைவரின் பெயர்’ என்று கேட்கிற புரோகிராம் அந்த இடத்திலேயே குப்புற விழும்.

இந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பிய புண்ணியவான்களில் ஒருவர் மார்க்கோ போலோ. அந்தமானில் கால் வைத்ததற்கு அடையாளமில்லை. ஆனாலும் அங்குள்ளவர்களுக்கு நாய்த்தலை என்று தயங்காமல் எழுதிவிட்டார். ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் புத்தகம் யார் வாங்குவார்கள்?

1771-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் அந்தப் பக்கம் போன ஜான் ரிச்சி உத்தமர். கரையில் வெளிச்சங்கள் தெரிந்தன, குறித்துக்கொண்டார், இறங்காமல் போய்விட்டார். பார்த்ததை மட்டும் எழுது, பார்க்காததை விடு. இந்தக் கதையில் பாதுகாப்பாகக் கோடு எழுதிய முதல் ஆள் அவர்தான்.

1867-ல் நினிவே என்ற கப்பல் பாறையில் மோதி, 106 பேர் எதையும் சரிபார்க்காமல் தீவில் இறங்கினார்கள். மூன்றாம் நாள் பதில் அம்பாக வந்தது. 1880-ல் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் விடல் போர்ட்மன் ஆயுதப் படையோடு இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெரியவர்கள் இருவரும் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி விட்டார்கள். காலிக் கட்டத்தை எப்படியாவது நிரப்பியே தீருவது என்ற வெறியின் விலை அது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1974-ல் படமெடுக்க வந்த குழு தேங்காய், அலுமினியப் பாத்திரம், பொம்மை, உயிருள்ள பன்றி என்று சீர்வரிசை வைத்தது. இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது; எய்தவர் மர நிழலில் உட்கார்ந்து சிரித்ததாகக் குறிப்பு. தேங்காயும் பாத்திரமும் ஏற்கப்பட்டன. பன்றியும் பொம்மையும் புதைக்கப்பட்டன. வகை பொருந்தாத உள்ளீட்டை இவ்வளவு சுத்தமாக நிராகரிக்கிற மென்பொருளை இன்னும் யாரும் எழுதவில்லை. 2004 சுனாமிக்குப் பின் ‘உயிரோடு இருக்கிறீர்களா?’ என்று ஹெலிகாப்டர் போய்ப் பார்த்தது. அதன் மேலும் அம்பு. ஆம், இல்லை என்ற இரண்டே விடையுள்ள கேள்விக்கு அதைவிடத் தெளிவான ‘ஆம்’ கிடையாது.

இந்த ‘நல்’ சமாசாரத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர், கொழும்பில் பிறந்த டோனி ஹோர். 1965-ல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைக்கும்போது, செய்வது சுலபமாக இருக்கிறதே என்று சேர்த்துவிட்டார். 2009-ல் லண்டனில் மேடையேறி, அது தன் நூறு கோடி டாலர் பிழை என்று ஒப்புக்கொண்டார். சென்சஸ் இலாகாவில் யாரும் இப்படி மேடையேறியதாகத் தெரியவில்லை.

பிழைக்குப் பரிகாரமும் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2020 முதல் ‘தீவு?.வீடு?.தலைவர்?.பெயர்’ என்று எழுதலாம். அந்தக் கேள்விக்குறி ரிச்சியின் கப்பல்: இருந்தால் உள்ளே போ, இல்லையென்றால் சத்தம் போடாமல் திரும்பு. கூடவே ‘??’ என்ற இரட்டைக் கேள்விக்குறியும் வந்தது. அதுவரை ‘மக்கள்தொகை || 117’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வில்லங்கம்: பூஜ்யத்தையும் அது காலி என்றே நினைக்கும். அந்தமானிலேயே உள்ள பேரன் தீவில் எரிமலையும் சில ஆடுகளும் தவிர யாருமில்லை. மக்கள்தொகை உண்மையாகவே 0. பழைய முறையில் எழுதினால் எரிமலை வாயில் 117 பேர் குடியேறி ரேஷன் கார்டு கேட்பார்கள். ‘மக்கள்தொகை ?? 117’ என்றால் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். சென்டினலுக்கு மட்டும் மறுபடி அதே 117 வரும்; அந்தப் பாவம் குறியீட்டின் பாவமல்ல, எண்ணைக் கொடுத்தவரின் பாவம்.

பைத்தான்காரர்களும் மார்தட்ட வேண்டாம். ‘கெட்’ போட்டு, இல்லாவிட்டால் காலி அகராதியைக் கொடு என்பார்கள். வீடு என்ற சாவியே இல்லையென்றால்தான் அது பலிக்கும். சாவி இருந்து, மதிப்பு ‘நன்’ (பைத்தானின் ‘நல்’) என்றால் அந்த நன்னையே நீட்டும். அடுத்த ‘கெட்’டில் வண்டி கவிழும். ஊர் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது, ஊருக்குள் என்ன என்பது தெரியாது என்கிற சென்டினல் சிக்கல் அச்சாக இதுதான்.

இதைவிட மோசம், பாதி தெரிந்ததை முழுசாகத் தெரிந்ததாக எழுதுவது. 2001-ல் தூரத்தில் நின்று எண்ணி, 21 ஆண், 18 பெண் என்றார்கள். 2011-ல் 12 ஆண், 3 பெண். இதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் மறு கேள்வி கேட்காமல், ஆயிரம் ஆணுக்கு 857 பெண் என்ற விகிதம் பத்தே ஆண்டில் 250 ஆகிவிட்டது என்று ஒப்பாரி வைக்கும். அன்றைக்கு யார் கரைப்பக்கம் வந்தார்கள், யார் காட்டுக்குள் வேலையாக இருந்தார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ‘எப்படி எண்ணியது’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் ஒப்பாரி மிச்சம்.

2027 சென்சஸ் செயலியில் நடக்கப் போகிறதாம். எழுதுகிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரு விண்ணப்பம். எண், பூஜ்யம், தெரியாது என்று மூன்றுக்கும் தனித்தனி இடம் வையுங்கள். இல்லை, குடும்பத் தலைவரின் கைபேசி எண்ணுக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்கித்தான் தீருவோம் என்றால், அதை எழுதியவரே படகேறிப் போய்க் கேட்டுவரட்டும். பதில் தாமதமாகாது.