ரேடியேட்டருக்குள்ள முத்துக்குளிப்பு

வாரும் மருமவனே, வாரும். குறுக்குச்சாலைப் பக்கம் பானெட்டைத் தொறந்து வச்சிக்கிட்டு நடுரோட்டுல நின்னீராமே? நீரு ஊருக்குள்ள வாரதுக்கு முன்னாலயே சேதி வந்துட்டு. கார் வாங்கின அன்னைக்கு இந்தப் பக்கம் தலைகூடக் காட்டலை. ஆவி பறந்ததும் மாமன் ஞாபகம் வந்துட்டாக்கும். பரவாயில்ல, உக்காரும். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுன மனுசன் நான், இதுக்கெல்லாம் கோவப்பட்டா பொழைக்க முடியுமா?

ரேடியேட்டர்ல என்னத்த ஊத்திக்கிட்டு வந்தீரு? போர் தண்ணியா! சவாசுவே. முத்தையாபுரத்துல உப்பளக்காரனும் போர் போட்டுத்தான் உப்புத் தண்ணியை எடுத்துப் பாத்தியில விடுதான். வெயில்ல காய்ஞ்சா உப்பு. நீரு பாத்தி கட்டுத செலவுகூட இல்லாம இஞ்சின் சூட்டுலயே காய வச்சிட்டீரு. 

உப்பு அலுமினியத்தைப் பொட்டுப் பொட்டா அரிக்கும். அது ஒரு பக்கம். தண்ணியில இருக்க சுண்ணாம்பு சூடு பட்டதும் ரேடியேட்டர் குழாய்க்குள்ள படிஞ்சு ஒட்டிக்கிடும், கால்சியம் கார்பனேட்டு. முத்தும் பெரும்பாலும் அதே சரக்குதான், பாத்துக்கிடும். நம்ம கடல்ல கடைசியா முத்துக்குளிச்சது 1961ல. அதோட முத்துப் பார்ல சிப்பி இல்லாமப் போயி அந்தத் தொழிலே நின்னுட்டு. அப்புறம் 1973ல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இதே தூத்துக்குடியில சிப்பிக்குள்ள முத்தை வளத்துக் காட்டினாங்க. அவங்களுக்காவது சிப்பி வேண்டியிருந்துச்சு. உமக்கு அதுவும் வேண்டாம். பழைய கார் ஒண்ணும் வீட்டு போரும் இருந்தாப் போதும்.

துறைமுகத்துல நிக்கிற பெரிய கப்பலைப் பாத்திருக்கீருல்லா? சுத்திக் கடல். கைய நீட்டுனா தண்ணி. ஆனா அந்த இஞ்சினுக்குள்ள ஒரு சொட்டுக் கடல் தண்ணியை விட மாட்டான். உள்ள சுத்துதது மருந்து கலந்த நல்ல தண்ணி. அந்த நல்ல தண்ணியை ஆத்துததுக்குத்தான் கடல் தண்ணி, அதுவும் நடுவுல இருக்க தகட்டுக்கு அந்தப் பக்கமா ஓடிட்டுப் போயிரும். நம்ம அனல்மின் நிலையத்துலயும் அதே கதைதான். ஆவியைக் குளிர வைக்கக் கடல் தண்ணி, பாய்லருக்குள்ள போறது உப்பைச் சுத்தமா எடுத்த டிஎம் தண்ணி. அம்புட்டுப் பெரிய கம்பெனிக்காரனுக்குக் கடல் தண்ணி சும்மா கெடக்குங்கிறது தெரியாமப் போச்சு பாரும். உம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கூலன்ட் ஊத்தும்னு சொன்னா நீரு அடுத்து என்ன சொல்லுவீருன்னும் எனக்குத் தெரியும். ‘மாமா, கூலன்ட் வெள்ளைக்காரன் ஊர்ல தண்ணி உறையாம இருக்கக் கண்டுபிடிச்சது, எட்டயபுரத்துல என்னைக்குப் பனிக்கட்டி விழுந்துச்சு?’ படிச்ச பிள்ளை கேக்க கேள்விதான். பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது, அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். கொதிக்கிற கணக்கைச் சொல்லி விப்பாங்க. அதையும் ரொம்ப நம்பாதீரும். பச்சைத் தண்ணி 100 டிகிரியில கொதிச்சா இது 107, அம்புட்டுத்தான். பெரும்பகுதி வேலையை ரேடியேட்டர் மூடியே அழுத்தத்தைப் பிடிச்சு வச்சுப் பாத்துருது. நமக்கு வேண்டியது அதுல கலந்திருக்க துரு மருந்து. துருப் பிடிக்கும்னு வீட்டு கேட்டுக்கு வருசா வருசம் பெயின்ட் அடிக்கீருல்லா, இஞ்சினுக்கு உள்ள யாரு அடிப்பா?

அதுக்காக ‘நல்ல சரக்குத்தானே, முழுசா ஊத்துவோம்’னு டப்பாவைக் கவுத்திராதீரும். கூலன்ட்ல இருக்க கிளைக்கால் தனியா சூட்டைச் சரியாத் தூக்காது. தண்ணி எடுத்துட்டுப் போற சூட்டுல முக்கால்வாசிகூட அதால முடியாது. தண்ணிதான் சூட்டைச் சுமக்கும், மருந்து கூடப் போய்க் காவல் காக்கும். ரெண்டும் வேணும். டப்பாவுல ‘கான்சன்ட்ரேட்’னு இருந்தா வண்டிப் புத்தகத்துல போட்ட அளவு, பெரும்பாலும் பாதிக்குப் பாதி. சில டப்பாவுல ஒண்ணுக்கு மூணுன்னு அச்சடிச்சிருப்பான், அதையும் வாசியும். வெளிய சுத்தமான கேன்ல கலக்கிட்டு அப்புறம் ஊத்தணும். ‘ரெடி டு யூஸ்’னு இருந்தா அவனே கலந்துட்டான். அதுல மறுபடியும் தண்ணி விடுதது பால்காரன் வேலை, உமக்கு வேண்டாம்.

கலரைப் பாத்து மயங்காதீரும். பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு கம்பெனிக்காரன் அவனவன் இஷ்டத்துக்குச் சாயம் போடுதான். பச்சையும் பச்சையும் ஒண்ணுன்னு கிடையாது. சேராததைச் சேத்தா கூழாட்டம் ஆயிரும், ஆகலைன்னாலும் மருந்து செத்துப் போவும். உள்ள என்ன கெடக்குன்னு தெரியாட்டா மொத்தத்தையும் இறக்கி, டிஎம் தண்ணியால கழுவிட்டுப் புதுசா விடச் சொல்லும். உம்ம வண்டியில என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும், அதனால கட்டாயம் இறக்கணும்.

குறைஞ்சா ஊத்துததுக்கும் ஒரு நேரம் இருக்கு. காலையில, வண்டி ஆறிக் கெடக்கையில, சமதரையில நிறுத்திட்டு பானெட்டுக்குள்ள ஓரத்துல இருக்க கூலன்ட் டப்பாவைப் பாரும். ரெண்டு கோடு போட்டிருப்பான், அதுக்கு நடுவுல நின்னாப் போதும். மேல் கோட்டுக்கு மேல ஊத்துனா சூட்டுல பெருகி வெளிய தள்ளும், காசு ரோட்டுல ஓடும். சூடா இருக்கையில மூடியை மட்டும் தொடப்படாது. நூறு டிகிரிக்கு மேல ஏறுன தண்ணி அந்த அழுத்தத்துலதான் கொதிக்காம அடங்கிக் கெடக்கு. மூடி தளந்ததும் ஆவியும் தண்ணியுமாப் பொங்கி மூஞ்சியில அடிக்கும். துண்டைப் போட்டுத் தொறந்தீராமே? துண்டு என்ன கேடயமா? வழியில சூடேறுனா ஏசியை அமத்திட்டு, ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்திட்டு அரை மணி நேரம் சும்மா நில்லும். வேற வழியே இல்லைன்னா, ஆறுனதுக்கு அப்புறம் குடிதண்ணி ஊத்தி மெக்கானிக் வரைக்கும் உருட்டலாம், தப்பில்ல. கொதிக்கிற இஞ்சின்ல பச்சைத் தண்ணியை ஊத்துனா ஹெட்டுல விரிசல் விட்டுரும், அந்தச் செலவுக்கு எங்க அக்கா கழுத்துச் சங்கிலியத்தான் கேக்கணும்.

அடிக்கடி குறையுதுன்னா ஊத்திக்கிட்டே இருக்கப்படாது, எங்க போவுதுன்னு தேடணும். ஹோஸ் முனையிலயும் வாட்டர் பம்புலயும் வெள்ளையாப் பொடி பூத்திருக்கா பாரும். ஆயில் குச்சியை உருவுனா மோர் மாதிரி இருந்தாலோ, சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அப்புறம் வண்டியை எடுக்காதீரும். மிச்சக் கூலன்டைக் கலர் பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கமும் வேண்டாம். அது இனிக்கும், ஆனா விசம். பிள்ளையோ நாயோ கொஞ்சம் குடிச்சாலே கிட்னியைக் காலி பண்ணிரும்.

சரி, எழும்பும். பேட்டரிக் கடை சாத்துததுக்குள்ள போயி டிஎம் தண்ணி கேன் ரெண்டு வாங்கியாரும். ‘பேட்டரித் தண்ணி’ன்னு மொட்டையாக் கேட்டு ஆசிட்டைத் தூக்கிட்டு வந்திராதீரும், லேபிளைப் பாரும். என்னது, சாவியா? அதை எதுக்குத் தேடுதீரு? நடந்தே போம்வே.