சேலையூர் சாரின் முன் சீட்

மலேசியா டூரில் யாருக்கும் பெயர் கிடையாது, ஏரியாதான். சென்னை மீனம்பாக்கத்தில் செக்-இன் வரிசை நகர்வதற்குள் மடிப்பாக்கம் அக்கா, சிட்லபாக்கம் தம்பதி, பம்மல் வாத்தியார், ஊரப்பாக்கம் புதுமாப்பிள்ளை என்று எல்லாருக்கும் பட்டா வழங்கியாகிவிடும். அந்தக் கூட்டத்தில் ஒரு சேலையூர் சார் கட்டாயம் இருப்பார். இந்த சீசனில் போனவரும் அடுத்த சீசனில் போகப்போகிறவரும் வேறு வேறு ஆட்கள் என்று பாஸ்போர்ட் சொல்லும். அதை நம்ப வேண்டாம்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பணம் கட்டியது சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று இரண்டு வாரம் சொன்னவர், மூன்றாவது வாரம் டூர் நோட்டீஸை வரிவரியாகப் படித்து, பேனாவால் அடிக்கோடிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊர் பார்க்கப் போகிறவரின் முகமல்ல அது. ஆடிட் போகிறவரின் முகம்.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. கைடு ஆறு மணிக்கு அறைக்குப் போன் போட்டு எழுப்பினால், சாரின் கைக்கடிகாரத்தில் மூணரை. "மூணரைக்கு எங்க கேம்ப் ரோட்டுல நாய்கூட எழுந்திருக்காதுப்பா" என்பார். கடிகாரத்தை மாற்ற மாட்டார், பிரஷர் மாத்திரை இந்திய நேரப்படிதான் உள்ளே போக வேண்டும். சாரின் மனைவி, அதாவது மேடம், அதற்குள் ஓட்டல் கெட்டிலில் வெந்நீர் வைத்து ரவா உப்புமா மிக்ஸைக் கிளறியிருப்பார். கீழே போனால் பஃபே. காலை உணவு கட்டணத்தில் அடக்கம் என்று நோட்டீஸில் இருக்கிறது, அளவு போடவில்லை. அந்த விடுபாட்டின் பலனாக நாலு வாழைப்பழமும் இரண்டு பன்னும் மேடத்தின் ஹேண்ட்பேக்குக்குக் குடிபெயரும்.

அடுத்தது பஸ். டூரின் உண்மையான அரசியல் அங்கேதான். முன் சீட்டைத் தினமும் சுழற்சி முறையில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே கைடு சொல்லிவிட்டார். சார் அதற்கு மறுப்பு சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஸ்பாண்டிலைட்டிஸ்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். மூன்றாம் நாளும் அதே சீட், அதே கழுத்து. மடிப்பாக்கம் அக்கா பின்னாலிருந்து அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு வருவார்.

முதல் நிறுத்தம் ராஜா அரண்மனை. கைடு மலேசியத் தமிழர், பொறுமைசாலி. "ஐயா, இங்க ஒம்பது மாநிலத்துக்கு ஒம்பது ஆட்சியாளருங்க இருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தர் நாட்டுக்கே மாமன்னர். முறை வச்சு மாறிக்குவாங்க. 1957லேர்ந்து இப்படித்தான்."

மற்றவர்கள் குதிரைக் காவலருடன் படம் எடுக்க ஓடிவிட்டார்கள். காது கொடுத்துக் கேட்டவர் சார் ஒருவர்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "சண்டையே வராதா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல பதினோரு வருஷமா ஒரே செக்ரட்டரி. இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்!" என்றபடி முன் சீட்டில் அமர்ந்தார்.

இரட்டைக் கோபுரத்தில் தகராறு. 88 மாடி, 452 மீட்டர், 1998 முதல் ஆறு வருஷம் உலகத்திலேயே உயரமான கட்டடம். இதெல்லாம் சாருக்கு மனப்பாடம். ஆனால் டூர் பாஷையில் அது வெறும் 'போட்டோ ஸ்டாப்', இருபது நிமிஷம். மேலே ஏற்றுவதில்லை. சார் நோட்டீஸை விரித்தார். "கண்டுகளிக்கலாம்னு போட்டிருக்கே?" "கண்டுகளிங்க ஐயா, அதோ நிக்குது." வழக்கு தள்ளுபடி. மீதி நேரம் நடைபாதையில் கிட்டத்தட்டப் படுத்தபடி சார் மேடத்தைப் படம் எடுத்தார். கோபுரம் முழுசாக விழுந்தால் மேடம் விழவில்லை, மேடம் விழுந்தால் கோபுரம் விழவில்லை. கடைசியில் இரண்டும் விழுந்த படத்தில் மேடம் கண்ணை மூடியிருந்தார்.

அங்கிருந்து சாக்லேட் கடை. நோட்டீஸில் இல்லாத இடம், முக்கால் மணி நேரம். உலகத்தின் உயர்ந்த கோபுரத்துக்கு இருபது நிமிஷம், துரியன் சாக்லேட்டுக்கு நாற்பத்தைந்தா என்று சார் கொதித்ததில் முழு நியாயம் இருக்கிறது. எந்த ஊர் டூரானாலும் பஸ் வழி தெரியாமல் ஒரு கடை வாசலில்தான் போய் நிற்கும். சார் தன் எதிர்ப்பை மாதிரித் தட்டில் காட்டினார். கடையை மூன்று சுற்று வந்தார், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டு. விலைச்சீட்டைப் பார்ப்பதும் உதடு அசைவதும், மனசுக்குள் வாய்ப்பாடு. ரிங்கிட்டை ரூபாயாக்காமல் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. "இந்தக் காசுக்குத் தாம்பரம் மார்க்கெட்ல ஒரு வாரக் காய்கறி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். மேடம் இரண்டு பெட்டி வாங்கியிருந்தது இரவில்தான் தெரியவரும்.

கெந்திங் மலைக்குப் போகும் வழியில் பத்து மலை. 2006ல் எழுப்பிய 140 அடி முருகன், பொன்வண்ணத்தில் தகதகவென்று நிற்கிறார். பஸ்ஸே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாரும் போட்டுக்கொண்டார். போட்ட கையோடு, "சேலம் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்துல 146 அடி. 2022லயே கும்பாபிஷேகம் ஆயாச்சு" என்றார். ஆறடி வித்தியாசத்தில் தமிழ்நாடு ஜெயித்ததில் முருகனுக்கும் வருத்தம் இருந்திருக்காது, இரண்டு பக்கமும் அவரேதான். 'பில்லா' பாட்டு எடுத்த இடம் என்று கைடு காட்ட, புதுமாப்பிள்ளை அஜித்தாக மாறிப் படியேறினார். 272 படி. "முட்டி ஒத்துக்காது, நீ போய்ட்டு வா" என்று மேடத்தை அனுப்பிவிட்டு சார் கீழேயே நின்றார்.

நின்றவர் கண்ணில் ரயில் பட்டது.

கோயிலை ஒட்டியே ஸ்டேஷன், 2010லிருந்து மின்சார ரயில் வருகிறது. சார் வேலியருகே போனார். தண்டவாளத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். "மீட்டர் கேஜ்!" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. பீச்–தாம்பரம் லைனில் 2004ல் நிறுத்திய அதே ஒரு மீட்டர் அகலம். முப்பது வருஷம் அவர் வேலை பார்த்த அகலம். பச்சைக்கொடி காட்டுகிறவர்போல் கையைத் தூக்கியபடியே பிளாட்பாரத்துக்குள் போய், அகப்பட்ட ஊழியரைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, சாருக்கு மலாய் தெரியாது. இருந்தும் ஓவர்ஹெட் கம்பி, கப்ளிங், பிரேக் எல்லாம் கையாலேயே பேசித் தீர்த்தார்கள். "நாங்க 1931லயே எலெக்ட்ரிக் விட்டுட்டோம், நீங்க 1995லதான்" என்பதையும் விரலால் எழுதிக் காட்டினார். ஊழியர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இங்கே பஸ்ஸில் தலை எண்ணினால் ஒன்று குறைந்தது. தினமும் காலையில் ரெண்டு நிமிஷம் பிந்தியவர்களை, "ரயில்னா விட்டுட்டுப் போயிருக்கும்" என்று கண்டித்தவர் இருபத்தைந்து நிமிஷமாகக் காணோம். "குரங்கு தூக்கிட்டுப் போயிருக்குமோ?" என்றார் பம்மல் வாத்தியார். மேடம் பதறவில்லை. "தாஜ்மஹாலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப ஆக்ரா யார்டுல ரெண்டு மணி நேரம் நின்ன மனுஷன். பக்கத்துல தண்டவாளம் இருக்கான்னு பாருங்க."

ஊரப்பாக்கம் மாப்பிள்ளை போய்க் கூட்டிவந்தார். படியில் கால் வைத்த சார் நின்றுவிட்டார். முன் சீட்டில் மடிப்பாக்கம் அக்கா, மடியில் அர்ச்சனைத் தட்டு, ஜன்னலோரம் பை, முழுக் குடித்தனம்.

"அக்கா, என் கழுத்து..."

"பின்னால காலியா இருக்கு, போங்க சார்," என்றார் அக்கா. "மாமன்னர் மாறியாச்சு."