இன்ஜெக்டர் மும்மல நிர்ணயம்
(அன்புவழிபுரத்துப் பழங்கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு)

திருகோணமலை என்ற பெயரின் முதற்சொல் ‘திரு’ என்பார் ஒரு சாரார். மூன்றைக் குறிக்கும் ‘திரி’ என்பார் மறுசாரார். அன்புவழிபுரத்தில் 796 சிசி அல்டோ ஒன்றின் பொனற்றைத் திறந்து பார்த்தவர் இரண்டாம் சாராரின் பக்கமே சாய்வர். உள்ளே சிலிண்டர் மூன்று, பிளக் மூன்று, இன்ஜெக்டர் மூன்று. சுற்றிநின்று கருத்துச் சொல்வோரும் பெரும்பாலும் மூவர்.

இன்ஜெக்டர் என்பது கணினி வாய் திற என்றால் திறந்து, மூடு என்றால் மூடும் ஒரு மின்காந்தக் குழாய். இப்படி வாயடக்கம் உள்ள பொருள் ஊரில் வேறு இல்லை. 1967இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் தெளிப்பு ஃபொக்ஸ்வாகன் 1600 காரில் ஏறியது. சின்னக் கார்களில் காபரேற்றரின் ஆட்சி அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. நிமிடத்துக்கு 800 சுற்றில் இயந்திரம் சும்மா ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் 400 தடவை தெளிக்கும். ஒரு தடவைக்கு ஒரு துளியின் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அருகே சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர், பெரும்பாலும் காட்டுக்குள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி அரசுகள் பேசுகின்றன. அந்தத் துளியைப் பற்றிப் பேச இக்கட்டுரையாளனை விட்டால் ஆளில்லை.

பேச வேண்டிய தேவையும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்தாண்டில் பழைய கார் குடும்ப உறுப்பினராகிவிட்டது. யாரும் விற்பதில்லை, வைத்தியம் பார்க்கிறார்கள்.

இனி, உயிரைப் பிணிப்பதாகச் சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்கள், இன்ஜெக்டரில். முதலாவது ஆணவம். செம்பில் களிம்பு போல உடன்பிறந்தது. இயந்திரத்தை நிறுத்தியதும் அதன் சூட்டில் இன்ஜெக்டர் நுனியில் எஞ்சிய பெற்றோல் காய்ந்து பிசினாகப் படியும். கடைத்தெருவுக்கு ஒரு ஓட்டம், வீட்டுக்கு ஒரு ஓட்டம் என்று குட்டிப் பயணம் போகும் வண்டிக்கு இது அதிகம். இரண்டாவது மாயை: தாங்கியின் துருவும் தூசியும். மூன்றாவது கன்மம், இது நாமே செய்தது. பெற்றோல் ஃபில்டரை மறந்தது ஒன்று. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளக்கத் தொடங்குமுன்னும் பின்னும், கிடைத்த கானில் எல்லாம் பெற்றோலைப் பதுக்கி, கானின் அடிமண்டியோடு ஊற்றியது மற்றொன்று. அந்த வினையை இன்றும் அனுபவிக்கிறோம்.

பரபக்கம், அதாவது பிறர் கொள்கை. ஊற்றுவாதிகள், தாங்கியில் ஒரு போத்தல் மருந்தை ஊற்றினால் மலம் நீங்கும் என்பர். இலேசான பிசினுக்கு ஒத்துக்கொள்ளலாம். முற்றாக அடைத்ததற்கு ஆகாது. கழுவுவாதிகள் இன்ஜெக்டரைக் கழற்றி, மீயொலித் தொட்டியில் இட்டு, தெளிப்பு மூன்றிலும் ஒரே அளவா என்று கண்ணாடிக் குழாயில் பார்ப்பவர்கள். மதிக்கத்தக்கவர்கள். மாற்றுவாதிகளோ வண்டி நடுங்கினாலே “அண்ணே, இன்ஜெக்டர் போயிட்டுது” என்பார்கள். ஆய்வாளனின் சினம் இவர்கள்மீதுதான்.

மலையில் புகை, ஆகவே நெருப்பு என்பது தருக்கநூலாரின் பழைய எடுத்துக்காட்டு. சைலென்சரில் கரும்புகை, ஆகவே பெற்றோல் மிகுதி என்பதுவரை கருதல் அளவை தாங்கும். ஆகவே இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்பது மாற்றுவாதியின் தாவல். கெட்டுப்போன ஒட்சிசன் சென்சரும் வெப்ப சென்சரும் இதே புகையைத் தரும்.

சுபக்கம், அதாவது நம் கொள்கை, காண்டல். இயந்திரம் ஓட, இன்ஜெக்டர்களின் வயர்ச் செருகியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுக. எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. நீண்ட ஸ்குறூட்றைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, பிடியில் காதை வைத்தால் ‘டிக் டிக்’ கேட்க வேண்டும். மல்டிமீற்றரில் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்ட வேண்டும். பிறகு சந்தேகப்பட்டதை அடுத்த சிலிண்டருக்கு இடம் மாற்றுக. குற்றம் கூடவே போனால் இன்ஜெக்டர் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் நிரபராதி.

இன்ஜெக்டரைக் கழற்றுமுன் பெற்றோல் பம்பின் பியூஸை எடுத்து, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குக. பற்றரி வயரைக் கழற்றுக. பக்கத்தில் சிகரெட் ஆகாது. ஓ-றிங்கைப் புதிதாகவே போடுக. பழையதைப் போட்டுச் சூடான இயந்திரத்தின்மேல் பெற்றோலைக் கசியவிடுவது சிக்கனத்தில் சேராது.

எஞ்சியது, பிறர் சொல்லை நம்பும் உரை அளவை. “மூண்டாவதில சத்தமே இல்ல, அது செத்திட்டுது” என்று ஒரு கராஜ் பாஸ் சொன்ன உரையை நம்பி, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பஸ் ஏறி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கி வந்தவன் இக்கட்டுரையாளன். வந்தபின்தான் இடம் மாற்றிப் பார்த்தான். குற்றம் மூன்றாம் சிலிண்டரைவிட்டு அசையவில்லை. கட்டளை வராத இன்ஜெக்டரும் செத்ததைப் போலவே மௌனமாக இருக்கும். வயரை எலி கடித்திருந்தது.

796 சிசி அல்டோவுக்குரிய இன்ஜெக்டர் ஒன்று, பெட்டி பிரிக்காதது, கைவசம் உண்டு. தேவைப்படும் அன்பர்கள் மேற்படி சோதனையை முடித்துக்கொண்டு வரவும்.