ஐந்தங்கமும் எட்டங்கமும்: ஓர் அசோக் நகர் மோட்டார் வழியே காலக்குறிப்பியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரை விடியற்காலை 5.30க்குப் போடவேண்டியவர் யார் என்ற வினா சங்கத்தில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டும் அறிஞர் கவனத்தைப் பெறவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. இங்கே சங்கம் என்பது குடியிருப்போர் நலச் சங்கம். பாண்டியர் காலத்தது அன்று.

ஆய்வுக் களம்

அசோகர் தூணிலிருந்து நடக்கும் தொலைவில், எண்ணால் மட்டுமே அறியப்படும் அவென்யூ ஒன்றில் பன்னிரண்டு வீடுகள். தரைக்கடியில் சம்ப், மாடியில் டேங்க், நடுவே மோட்டார், அதன் சுவிட்சுக்கு ஒரு வாட்ச்மேன். தூணின் உச்சியில் சிங்கங்கள் நாலா திசையையும் பார்த்தபடி இருக்கின்றன. சம்பைப் பார்ப்பவர் இவர் ஒருவரே.

பி-3 வீட்டு மாப்பிள்ளை மென்பொருள் துறையினர். “ஒரு சுவிட்சுக்காக ஒரு மனுஷனை எழுப்பலாமா?” என்று அவர் சங்கத்தில் கேட்டார். எல்லாரும் நெகிழ்ந்தார்கள். விளைவாக, வங்கிகள் வட்டி கணக்கிடப் பயன்படுத்தும் தரத்தில் ஒரு ஜாவா அப்ளிகேஷன் சர்வர் எங்கோ ஒரு வாடகைக் கணினியில் நிறுவப்பட்டு, மீட்டர் பெட்டியில் பொருத்திய ரிலே ஒன்றோடு இணைக்கப்பட்டது. ஜாவா ஒரு தீவு. இந்த சர்வர் மரபு 2018இல் ஜகார்த்தா என்று பெயர் மாறியது. அது அதே தீவிலுள்ள நகரம். ஆக, பெயர் மாறினாலும் முகவரி பெரிதாக மாறவில்லை.

முன்னோர் கண்டவை

குறித்த வேளையில் வேலையை நடத்தும் கலைக்கு யூனிக்ஸ் உலகில் ‘கிரான்’ என்று பெயர். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என அதற்கு அங்கங்கள் ஐந்து. நம் பஞ்சாங்கத்துக்கும் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என ஐந்தே. இவற்றுள் கிழமை ஒன்றுதான் இரண்டிலும் உள்ளது. ஐந்துக்கு ஒன்று என்பது ஒப்பியல் ஆய்வுக்குத் தாராளம்.

நம் சர்வர் மரபில் 2009இல் வந்த ஜாவா இ.இ. 6, ஐந்தை எட்டாக்கியது: விநாடியும் ஆண்டும் சேர்ந்து ஏழு, எட்டாவது, எந்த ஊர் நேரம் என்பது. மாதக் கடைசி நாளுக்கு ‘லாஸ்ட்’ என்று எழுதினால் போதும். முப்பதா முப்பத்தொன்றா என்று விரல் முட்டியில் எண்ண வேண்டாம். ஒரு நுட்பம் மட்டும் நினைவிற்கொள்க. தேதி, கிழமை இரண்டையும் குறித்தால், இரண்டில் எது பொருந்தினாலும் வேலை நடந்துவிடும். டேங்க் கழுவ ‘13ஆம் தேதி, சனிக்கிழமை’ என்று எழுதினால், 13 தோறும் கழுவும், சனி தோறும் கழுவும். சனிப் பிரதோஷம் என்றால் 13ஆம் திதியும் சனியும் கூடிய நாள் என்பது நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது.

சோதனை ஒன்று

வெள்ளிக்கிழமை 5.30க்குத் தொடக்கம். ஏ-1 மாமி நாள் பார்த்துக் கொடுத்தது. 5.30 வந்தது, மோட்டார் வரவில்லை. 11 மணிக்கு, யாரும் கேட்காமல், ஓடத் தொடங்கியது. எட்டாம் அங்கத்தை மாப்பிள்ளை காலியாக விட்டிருந்தார். வாடகைக் கணினி உலகப் பொதுநேரத்தில் இருந்தது. நமக்கும் அதற்கும் இடைவெளி சரியாக ஐந்தரை மணி. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பதை மாமி கூட்டத்துக்கு நினைவூட்டினார். அது மூன்று முறை குறிப்பேட்டில் ஏறியது.

திருத்தம் எளிது: ஊர்ப்பெயரை எழுதவேண்டும். ஆனால் சென்னை என்று எழுதினால் சர்வருக்குப் புரியாது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்றே எழுதவேண்டும். தனக்கென மதராஸ் நேரம் வைத்து ரயில் ஓட்டிய ஊர் இது. 1906இல் வந்த இந்தியத் திட்ட நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பின்னே இருந்தது. அந்த ஊரின் மோட்டார் இன்று கொல்கத்தாவைக் கேட்டு எழுகிறது.

சோதனை இரண்டு

வாடகைக் கணினி ஒருநாள் விடியலில் படுத்துவிட்டது. வாட்ச்மேன் கையால் சுவிட்சைப் போட்டு டேங்கை நிரப்பினார். பிற்பகலில் சர்வர் உயிர்பெற்றது. இவ்வகை டைமர், சொல்லி மாற்றாதவரை, நிலைத்த நினைவுடையது. தான் தூங்கியபோது தவறிய வேலையை எழுந்ததும் ஒருமுறையேனும் செய்தாகவேண்டும் என்பது விதி. கடமை தவறாத அந்த எந்திரம் நிரம்பிய டேங்கை மீண்டும் நிரப்பியது. மொட்டை மாடியில் காய்ந்த வடாம் மிதந்தது.

சோதனை மூன்று

இம்முறை யாவும் சரி. 5.30, கொல்கத்தா நேரம், நினைவு நீக்கப்பட்டது. மோட்டார் நொடி பிசகாமல் ஓடியது. முந்தின நாள் மெட்ரோ வாட்டர் வரவில்லை என்பதால் சம்பில் தண்ணீர் மட்டும் இல்லை. அரைமணி நேரம் காற்றை இழுத்துக் காயில் கருகியது. சர்வர் குறிப்பில் அன்றைய பதிவு: வெற்றி.

கண்டறிந்தது

எட்டங்கமும் கூடி ‘எப்போது’ என்பதைச் சொல்லும். ‘இருக்கிறதா’ என்று கேட்க ஒன்பதாவது அங்கம் அதில் இல்லை. இதனை வாட்ச்மேன், ரீவைண்டிங் கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டே, சுருக்கமாக விளக்கினார்: “அது நேரம் வந்தா போடுது சார். நான் தண்ணி வந்தா போடுவேன்.”

தற்போதைய நிலை

சர்வர் கைவிடப்படவில்லை; ஓராண்டு வாடகை முன்பணமாகக் கட்டியாயிற்று. மோட்டாருக்குப் பதில் அது இப்போது தினமும் 5.30க்கு வாட்ச்மேனின் செல்போனுக்கு அழைப்பு விடுக்கிறது. அவர் 5 மணிக்கே எழுந்து சம்ப் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதால் எடுப்பதில்லை. அதுவும் குறிப்பில் வெற்றி என்றே பதிவாகிறது.